கிட் கிளைகள்: உருவாக்க ஒரு நொடி, பெயர் வைக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதல்

போன மாதம் ஒரு மதியம் எங்கள் ரெப்போவில், அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களையெல்லாம் கிட் மென்பொருள் பதிவுசெய்து வைக்கும் களஞ்சியத்தில், எத்தனை கிளைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். 143. நாங்கள் ஆறு பேர். ஆளுக்கு மூன்று வேலை கையில் இருந்தால்கூட 18 தான் வரவேண்டும். பட்டியலை மேலிருந்து படித்தேன். டெஸ்ட், டெஸ்ட்-நியூ, ஃபிக்ஸ், ஃபிக்ஸ்2, ஃபைனல், டெம்ப், ரிப்போர்ட்-ஒர்க், 1187. யார் தொடங்கியது, எதற்காக, இணைத்தாயிற்றா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. அவற்றில் நான்கு நான் உருவாக்கியவை என்று மட்டும் கமிட்டில், அதாவது பதிவுசெய்த மாற்றத்தில், என் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் இந்த மதிப்புரை. கிட்டைப் பற்றி முழுதாகப் பேசப்போவதில்லை. ஒன்பது வருடமாக நான் தினமும் தொடும் ஒரே ஒரு வசதி, கிளை. முதன்மை நிரலைத் தொடாமல் ஒரு வேலையைத் தனியாகச் செய்து, முடிந்ததும் அதோடு இணைக்க உதவுவது. பேச்சில் எல்லோரும் பிராஞ்ச் என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் கிளை என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிட்டுக்கு முந்தைய அதே வகை மென்பொருளான சப்வெர்ஷன்தான். அதில் கிளை என்றால் சர்வரில் ஓர் அடைவை இன்னோர் அடைவாக நகலெடுப்பது. நகலெடுப்பது சுலபம்தான், சர்வர் உடனே முடித்துவிடும். பயமெல்லாம் திரும்ப இணைக்கும்போது. எந்தத் திருத்தங்கள் ஏற்கெனவே இணைக்கப்பட்டன என்பதை சப்வெர்ஷன் தானாக நினைவில் வைக்கத் தொடங்கியது 2008-இல் வந்த 1.5 பதிப்பில். எங்கள் சர்வரில் ஓடியது அதைவிடப் பழையது. திருத்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வோம், 4410 முதல் 4432 வரை இணைத்தாயிற்று என்று. அந்த நோட்டில் ஒருவர் ஒரு வரி எழுத மறந்தால் ஒரே மாற்றம் இரண்டு முறை வந்து மோதும். அதனால் வருடத்துக்கு இரண்டு கிளை உருவாக்கினாலே அதிகம். கிளை தொடங்க வேண்டுமென்றால் கூட்டம் போட்டு முடிவெடுத்த காலம் அது.

கிட்டுக்கு மாறிய முதல் வாரத்தில் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கட்டளை கொடுத்தேன், ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. அவ்வளவு வேகம். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுதத் தொடங்கியதே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்காக. அதுவரை கர்னல்காரர்கள் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளின் இலவச அனுமதி நின்றுபோனதால் வந்த அவசரம். பலர் தனித்தனியாகச் செய்த வேலையை ஓயாமல் இணைத்துக்கொண்டே இருக்கும் திட்டம் அது. கிளையும் இணைப்பும் கனமாக இருந்தால் அங்கே ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் கிளை மீதிருக்கும் பயம் போய்விடும். சமீபத்தில் எங்கள் குழுவில் சேர்ந்த ஒரு பெண் கிளை உருவாக்கவே தயங்கினாள். "அக்கா, ரெப்போ ரெண்டு ஜிபி இருக்கு. ஒவ்வொரு தடவையும் காப்பி ஆகாதா?" என்று கேட்டாள். அவள் கணினியிலேயே மறைந்திருக்கும் .கிட் அடைவைத் திறந்து, அதற்குள் ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ் என்று போய், இப்போதுதான் உருவாக்கிய கிளையின் பெயரில் இருந்த கோப்பைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரே வரி. 40 எழுத்தும் எண்ணும், கடைசியில் ஒரு வரிமுறிவு. மொத்தம் 41 பைட். எந்தக் கமிட்டில் இந்தக் கிளை நிற்கிறது என்ற முகவரி, வேறொன்றும் இல்லை. புதிய கமிட் போட்டதும் அந்த வரி மாறும். அவ்வளவுதான். நாளாக ஆகக் கிட் இந்தக் கோப்புகளை ஒரே கோப்பில் சேர்த்து அடுக்கியும் வைக்கும், அப்போதும் உள்ளே இருப்பது அதே முகவரிதான். "இதுக்கா பயந்தேன்?" என்றாள். அன்று மாலைக்குள் மூன்று கிளை உருவாக்கிவிட்டாள்.

கிளை என்ற சொல்லே இங்கே கொஞ்சம் திசைதிருப்புகிறது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மரத்தின் கிளை கனமானது, வெட்டினால் வலிக்கும். இது ஒரு சீட்டு. கமிட்டின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. சீட்டைக் கிழித்தால் கமிட் உடனே காணாமல் போவதில்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அந்தச் சீட்டின் மொத்த மதிப்பும்.

சரி, கட்டளைக்கு வருவோம். இன்று புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது 'கிட் சுவிட்ச் -சி பெயர்' மட்டுமே. 'கிட் செக்அவுட் -பி' என்ற பழையதும் ஓடும், விரல்கள் அதற்குப் பழகியவர்கள் அதிலேயே இருக்கட்டும். ஆனால் செக்அவுட் ஒரே சொல்லில் இரண்டு வேலை செய்யும். கிளை மாற்றவும் அதுதான், கோப்பில் செய்த மாற்றங்களைக் கைவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுபோகவும் அதுதான். ஒருநாள் ரிப்போர்ட் என்ற கிளைக்குப் போக நினைத்து ரிப்போர்ட்ஸ் என்று தட்டிவிட்டேன். அந்தப் பெயரில் கிளை இல்லை, அடைவு இருந்தது. கிட் அந்த அடைவில் நான் கமிட் செய்யாமல் வைத்திருந்த அரை நாள் வேலையைத் துடைத்துவிட்டு, இத்தனை கோப்புகள் புதுப்பிக்கப்பட்டன என்று ஒரு வரி சொன்னது. திரும்பக் கிடைக்கவில்லை, உட்கார்ந்து மறுபடி எழுதினேன். 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்பில் இந்த இரண்டு வேலைகளையும் சுவிட்ச், ரிஸ்டோர் என்று பிரித்தார்கள். கிட்டில் வந்த மாற்றங்களில் நான் மனதார நன்றி சொல்வது இதற்குத்தான். சுவிட்ச் கிளை மாற்றும் வேலையை மட்டுமே செய்யும். 'கிட் சுவிட்ச் -' என்று வெறும் கோடு போட்டால் முன்பு இருந்த கிளைக்கே திரும்பும். இரண்டு வேலைக்கு நடுவே தாவும் நாளில் இது பெரிய உதவி.

உருவாக்குவதில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதைக் கவனிக்காமல் விடுவது. தொடங்கும் இடத்தைச் சொல்லாவிட்டால் கிட் நீங்கள் இப்போது நிற்கும் இடத்திலிருந்தே கிளையை ஆரம்பிக்கும். ஒரு சக ஊழியரின் பாதி முடிந்த கிளையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமாக ஒரு பிழை வந்தது. அங்கேயே புதிய கிளை உருவாக்கி, திருத்தி, மதிப்பாய்வுக்கு அனுப்பிவிட்டேன். என் மாற்றம் நான்கு வரி. புல் ரெக்வெஸ்டில், அதாவது இணைக்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில், தெரிந்தது 31 கோப்புகள். அவருடைய முடியாத வேலை முழுக்க என் பெயரில் போயிருந்தது. கமிட்டை வேறோர் இடத்தின் மேல் மாற்றி வைக்கும் 'ரீபேஸ் --ஆன்டு' கொடுத்து என் ஒரு கமிட்டை மட்டும் பிடுங்கி, மெயின் என்ற முதன்மைக் கிளையில் நட்டேன். அன்றிலிருந்து முதலில் சர்வரில் உள்ள புதியவற்றைக் கொண்டுவரும் ஃபெட்ச், பிறகு 'கிட் சுவிட்ச் -சி பெயர் ஆரிஜின்/மெயின்' (ஆரிஜின் என்பது சர்வரைக் குறிக்கும் பெயர்) என்று தொடங்கும் இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதில் ஒரு சின்ன முள் உண்டு. அப்படித் தொலைவிலுள்ள கிளையிலிருந்து தொடங்கினால், புதிய கிளை ஆரிஜின்/மெயினைத்தான் தன் மேல்கிளையாக, அதாவது சர்வரில் தனக்கு இணையான கிளையாக, வைத்துக்கொள்ளும். பிறகு சர்வருக்கு அனுப்ப வெறும் புஷ் கொடுத்தால் பெயர்கள் பொருந்தவில்லை என்று கிட் மறுத்துவிடும். அது மறுப்பது நல்லதுதான், இல்லாவிட்டால் நேரே மெயினுக்குப் போய்விடும். ஆனால் புதியவர்கள் அந்த நீளமான செய்தியைப் பார்த்து மிரள்கிறார்கள். '--நோ-ட்ராக்' சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

உருவாக்கும் வேகத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். யோசிக்கவே வேண்டாம். பெயர் விஷயத்தில்தான் கிட் நம்மைத் தனியே விட்டுவிடுகிறது.

பெயரில் எதெல்லாம் கூடாது என்று அதற்குச் சில விதிகள் உண்டு. இடைவெளி கூடாது. ~ ^ : ? * [ கூடாது, பின்சாய்வுக்கோடு கூடாது. இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரக்கூடாது. கோட்டில் தொடங்கக்கூடாது. புள்ளியிலோ .லாக் என்றோ முடியக்கூடாது. முதலில் படித்தபோது மனம்போனபடி போட்ட தடைகள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ~ என்றால் முந்தைய கமிட், இரண்டு புள்ளி என்றால் இதிலிருந்து அதுவரை, முக்காற்புள்ளி புஷ்ஷில் இங்கிருந்து அங்கே. இவையெல்லாம் கிட்டின் மொழியில் ஏற்கெனவே பொருள் உள்ள குறிகள். .லாக் என்பது ஒரு கிளையை மாற்றும் நேரத்தில் கிட் தானே உருவாக்கும் பூட்டுக் கோப்பின் வால். காரணம் தெரிந்த பிறகு விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல் போயிற்று.

கிட் ஒத்துக்கொண்டாலும், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் ஒத்துக்கொள்ளாத பெயர்களும் உண்டு. வேலைச்சீட்டு (டிக்கெட்) எண்ணை #42 என்று முதலில் வைத்தால், # தொடங்கி மிச்சம் எல்லாவற்றையும் ஷெல் குறிப்பு என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடும். கிட்டுக்குப் பெயரே போய்ச் சேராது. & போட்டாலும் தொல்லைதான். எழுத்து, எண், சிறுகோடு, சாய்வுக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

சாய்வுக்கோட்டைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும், என் குழுவில் அதிக நேரத்தைத் தின்றது அதுதான். கிளை ஒரு கோப்பு என்று மேலே சொன்னேன் அல்லவா? பெயரில் சாய்வுக்கோடு வந்தால் அது அடைவாகிவிடும். பேமென்ட் என்று ஒரு கிளை ஏற்கெனவே இருந்தால் பேமென்ட்/ரீஃபண்ட் என்று இன்னொன்றை உருவாக்க முடியாது. ஒரே பெயர் கோப்பாகவும் அடைவாகவும் இருக்க வழியில்லை. கிட் சொல்லும் பிழைச்செய்தி பூட்டு போட முடியவில்லை என்று தொடங்கும். அதைப் பார்த்ததும் எல்லோரும் பூட்டுக் கோப்பைத் தேடிப் போய்விடுகிறார்கள். வரியின் கடைசியில்தான் உண்மைக் காரணம் இருக்கிறது. இன்னும் மோசம், சர்வரில் ஒருவர் பழைய பேமென்ட் கிளையை அழித்துவிட்டு பேமென்ட்/ரீஃபண்ட் உருவாக்கினால், மற்ற ஐந்து பேரின் கணினியிலும் பழையதன் நிழல் இருக்கும். அவர்கள் ஃபெட்ச் செய்தால் பிழை வரும். 'கிட் ரிமோட் ப்ரூன் ஆரிஜின்' கொடுத்துப் பழைய நிழலைக் கழித்த பிறகுதான் சரியாகும். எங்களுக்கு இது நடந்த காலை ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக என் மேசைக்கு வந்தார்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கலும் இதே வேரிலிருந்து வருவது. விண்டோஸிலும் மேக்கிலும் கோப்பு முறை வழக்கமாக இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. கிட் பார்க்கும். ஆங்கிலப் பெயரைச் சின்ன எழுத்தில் உருவாக்கிவிட்டு, பிறகு முதல் எழுத்தைப் பெரிதாகத் தட்டி உள்ளே போனால் போகவிடும். ஆனால் கிளைப் பட்டியலில் எதற்குப் பக்கத்திலும் நாம் நிற்கும் கிளையைக் காட்டும் நட்சத்திரம் இருக்காது. எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாத நிலை. எங்கள் விதி, எல்லாம் சின்ன எழுத்து. இதில் விவாதத்துக்கு இடம் வைக்கவில்லை.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வைக்கலாம், கிட் மறுப்பதில்லை. நான் ஆசையோடு சில மாதம் செய்தேன். 'கோப்பு-திருத்தம்' என்று கிளை திரையில் தெரிந்தபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் தெரிந்து செய்யுங்கள். 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ோ என்ற ஒரே குறியாக, அல்லது ே, ா என்று இரண்டு குறிகளாக. கண்ணுக்கு ஒன்றுதான். கிட் பைட்டைத்தான் பார்க்கும். லினக்ஸில் வேண்டுமென்றே இரண்டு விதமாகவும் தட்டிப் பார்த்தேன். ஒரே பெயரில் இரண்டு கிளைகள் அருகருகே நின்றன. இணைய முகவரியில் போனால் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து ஒன்பது எழுத்தாக விரியும், யாருக்கும் அனுப்ப முடியாத நீளம். என் கணினியை விட்டு வெளியே போகாத சோதனைக் கிளைகளுக்கு இன்றும் தமிழில்தான் பெயர் வைக்கிறேன். புஷ் செய்பவற்றுக்கு இல்லை.

முன்னொட்டுக்கு வருகிறேன். 2010-இல் வின்சென்ட் டிரீசன் முன்வைத்த கிளை முறை பரவியதிலிருந்து ஃபீச்சர், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று வகைபிரித்துப் பெயர் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஓயாமல் வெளியிடப்படும் இணையச் செயலிகளுக்கு இதைவிட எளிய முறை போதும் என்று 2020-இல் அவரே ஒரு குறிப்பும் சேர்த்தார். எங்களுக்கு அந்த எளிய முறையே பொருந்துகிறது. ஒரு மெயின், அதிலிருந்து சில நாளே வாழும் கிளைகள். வகைபிரிப்பில் மட்டும் சேர், திருத்து, நீக்கு என்று மூன்று வைத்துக்கொண்டோம். அதன் பின் வேலைச்சீட்டு எண், அப்புறம் மூன்று நான்கு சொல். திருத்து/1187-அறிக்கை-தேதி-பிழை என்பதுபோல. ரெப்போவில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், பொருள் புரிவதற்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வெறும் எண்ணை மட்டும் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 1187 என்ற கிளையைப் பார்ப்பவர் சீட்டு மென்பொருளைத் திறந்து தேடினால்தான் விவரம். அந்த மென்பொருளை ஒருநாள் மாற்றினோம், எண்கள் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கின. பழைய எண் கிளைகள் எல்லாம் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. எண் இருக்கட்டும், பக்கத்தில் சொல்லும் இருக்கட்டும்.

பெயர் வைக்கும் பழக்கம் எனக்குக் கொடுத்த பெரிய பலன் பட்டியல் சுத்தமாவது அல்ல. வேலையைத் தொடங்கும் முன்பே அதன் அளவு தெரிந்துவிடுகிறது. ஒருமுறை 'வரி-கணக்கும்-உள்நுழைவு-திருப்பலும்' என்று ஒரு பெயர் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் வந்த அந்த 'உம்' கையை நிறுத்தியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை, ஒரே நாளில் இரண்டும் கண்ணில் பட்டன என்பதைத் தவிர. இரண்டு கிளையாகப் பிரித்தேன். வரிக் கணக்கு மறுநாளே இணைந்தது. உள்நுழைவு இரண்டு வாரம் இழுத்தது. சேர்த்து வைத்திருந்தால் வரிக் கணக்கும் அந்த இரண்டு வாரமும் காத்துக் கிடந்திருக்கும். அதேபோல் நான்கு சொல்லில் பெயர் வரவில்லை என்றால், என்ன செய்யப்போகிறோம் என்பது இன்னும் எனக்கே தெளிவாகவில்லை. அப்போது எழுந்து போய் யாரிடமாவது பேசிவிட்டு வருகிறேன்.

தவறான பெயர் வைத்துவிட்டால்? 'கிட் பிராஞ்ச் -எம் புதுப்பெயர்'. நம் கணினியில் ஒரு நொடி வேலை. ஏற்கெனவே புஷ் செய்திருந்தால்தான் சிரமம். சர்வரில் பெயர் மாறாது. புதிய பெயரில் மறுபடி புஷ் செய்து பழையதை அழிக்க வேண்டும், அழித்ததும் அதன் மேல் திறந்திருந்த புல் ரெக்வெஸ்ட் எங்களுக்கு மூடிக்கொண்டது, கருத்துகளோடு சேர்த்து. அதனால் முதல் புஷ்ஷுக்கு முன் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துவிடுங்கள்.

கிட் மேல் எனக்கு உள்ள உண்மையான குறை இங்கே இருக்கிறது. ஒரு கிளையை யார், எப்போது உருவாக்கினார் என்பதைக் கிட் கிளையோடு சேர்த்து வைப்பதே இல்லை. இருப்பது அந்த 41 பைட். '--எடிட்-டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு வசதி உண்டு, கிளைக்கு விளக்கம் எழுதலாம். ஆனால் அது நம் கணினியின் அமைப்புக் கோப்பிலேயே தங்கிவிடும், புஷ் செய்தால் கூடப் போகாது. எழுதியும் பயனில்லை. ஆக, மற்றவர் கண்ணில் படும் ஒரே விளக்கம் பெயர்தான். அந்த ஒரே இடத்திலும் ஃபிக்ஸ் என்று எழுதினால் என்ன செய்வது? இந்தக் குறைக்காகப் பெயர் விஷயத்தில் ஐந்துக்கு இரண்டரைதான் தருவேன்.

அழிப்பதில் கிட் கவனமாகவே இருக்கிறது. 'கிட் பிராஞ்ச்' கட்டளையில் சின்ன டி போட்டால் இணைக்கப்படாத கிளையை அழிக்க மறுக்கும், பெரிய டி போட்டால் கேட்காமல் அழிக்கும். ஸ்குவாஷ் செய்து இணைக்கும் குழுக்களில் மட்டும் சின்ன டி வீணாக மறுத்துக்கொண்டிருக்கும். கமிட்டுகள் ஒன்றாகச் சுருங்கிப் புதிய ஒன்றாகப் போனதால் பழையவை மெயினில் இல்லை என்றே அது நினைக்கும். நாங்களும் ஸ்குவாஷ்தான், அதனால் பெரிய டி பழக்கமாகி, ஒருமுறை தப்பான கிளையில் போட்டுவிட்டேன். அழித்ததும் கிட் அந்தக் கிளை நின்ற கமிட்டின் முகவரியில் முதல் சில எழுத்தைத் திரையில் சொல்லிவிட்டுப் போகும். அதை வைத்து அதே பெயரில் கிளையை மறுபடி உருவாக்கினேன், எல்லாம் வந்துவிட்டது. திரையை மூடியிருந்தாலும், நாம் நின்ற கமிட்டுகளைக் கிட் குறித்து வைக்கும் ரீஃப்லாக்கில் தேடியிருக்கலாம்.

அந்த 143-ஐ என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. கடைசிக் கமிட்டின் தேதிப்படி வரிசைப்படுத்தி, ஆறு பேரும் ஒரு மதியம் உட்கார்ந்தோம். இணைந்துவிட்டவை 97. அவற்றை அரை மணியில் கழித்தோம். மீதியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம், பெயர் ஒன்றும் சொல்லாததால் வேறு வழியில்லை. மாலை ஆறு மணிக்கு ஃபிக்ஸ்2 வந்தது. இரண்டு வருடம் பழையது, மூன்று கமிட், மெயினில் இல்லை. எழுதியவர் இப்போது எங்களோடு இல்லை. உள்ளே பார்த்தால், மாதக் கடைசி நாளில் எடுத்தால் அறிக்கை ஒரு நாள் தள்ளிப்போகும் பிழைக்கான திருத்தம். சோதனையோடு, சுத்தமாக. அதே பிழையைப் பயனர்கள் போன வாரம்கூடப் புகாராக எழுதியிருந்தார்கள், நாங்கள் இருவர் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

கிளையின் பெயரை மாற்றி, இன்றைய மெயின் மேல் ரீபேஸ் செய்தேன். ஒரு கோப்பில் மட்டும் மோதல். எழுதியவர் பெயர் கமிட்டில் அப்படியே இருக்கிறது. நாளைக் காலை மதிப்பாய்வுக்கு அனுப்புகிறேன்.